என்ஜினை எழுப்பாமல்

என் வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றுதான். ஒழுங்காகச் சார்ஜ் போட்டால் பெட்ரோல் செலவே தெரியாது ஐயா. கடையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வண்டிக்கு வயரைச் செருகிவிடுவேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எதையும் நிதானமாகச் செய்து பழகியவன்.

வெளிப்பார்வைக்கு அது நீளமான குடும்ப வண்டி. பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். உள்ளே இருப்பதோ பந்தய வண்டியின் என்ஜின். கூடவே ஒரு பேட்டரியும் மோட்டாரும். மோட்டாரில் ஓட்டினால் பூனை நடப்பதுபோலப் போகும். ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் காலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அதைத் தாண்டி மிதித்தால்தான் என்ஜின் எழும்பும். எழும்பிவிட்டால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் போன வண்டியெல்லாம் பின்னால் இருக்கும்.

என் வருமானத்துக்கு அது அதிகம்தான். பழைய வண்டியாகப் பார்த்து, என் மாமனாருக்காக வாங்கினேன். அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் இறுகிக்கொண்டே வரும் நோய். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் வாசல்வரைகூட நடக்க முடியாது. அவசரமென்றால் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது, அவர் படுக்கவும் இடம் வேண்டும். இரண்டும் சேர்ந்த வண்டி வேறு கிடைக்கவில்லை.

முதல் நாள் அவரைத் தூக்கிப் பின்னால் படுக்கவைத்தபோது சிரித்தார்.

"பந்தயக் குதிரை மேல பாடை கட்டின ஒரே ஆளு நீங்கதான் மாப்பிள்ளை."

"அப்பா, கொஞ்சம் வாய மூடிட்டு வாங்க," என்றாள் என் மனைவி.

"மூடிட்டா மூச்சு எப்படிம்மா விடறது?"

மருத்துவமனைக்குப் போகும் வழியில், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் ஒரு நேரான சாலை வரும். அங்கே வந்ததும், "மிதிங்க மாப்பிள்ளை" என்பார். ஒரே ஒரு தடவை மிதிப்பேன். என்ஜின் உறுமும். குழந்தைபோலச் சிரிப்பார், பிறகு இருமுவார். அது மட்டும்தான் அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம். அதைக் கொடுக்க என்னால் முடிந்ததே என்று நன்றியோடு இருந்தேன். மனைவி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "அவர் தூங்கறப்போ மட்டும் என்ஜின எழுப்பாதீங்க. தூக்கம் வர்றதே அபூர்வம்." சரியென்று கொடுத்த அந்த வாக்கை நான் மீறியதே இல்லை.

ஆனால் நோய் இறங்கவும் இல்லை, முடியவும் இல்லை. அவள் வேலையை விட்டாள். சுவரில் சாய்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததே கிடையாது. நடுவில் இருமல் வந்துவிடும், அவள் எழுந்து ஓடுவாள். மருத்துவர்களைக் கேட்டால், பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். என்னால் ஆனதெல்லாம் தலையணையைச் சரிசெய்வதும், வாயைத் துடைத்துவிடுவதும்தான். தினமும் விளக்கின் முன் நின்று வேண்டிக்கொண்டேன். யாருக்கும் கெடுதல் வேண்டி நான் கைகூப்பியதில்லை ஐயா. ஒரு முடிவு வரட்டும் என்றுதான் கேட்டேன். எந்த முடிவு என்பதைக் கடவுளிடமே விட்டுவிட்டேன்.

அன்று மதியம் அவருக்கு உதடு நீலமாகிவிட்டது. மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து நிற்கவே தடுமாறினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன்.

"அது வர்றதுக்குள்ள நீங்க போயிடுவீங்க. இதுக்குத்தானே இந்த வண்டி," என்றாள். அவர் நெற்றியைத் தடவி, "அப்பா, இவர் பறந்துருவாருப்பா" என்றாள்.

அவரைப் படுக்கவைத்துக் கழுத்துக்குக் கீழே சின்னத் தலையணை வைத்தேன். சிலிண்டரைத் திறந்து, முகமூடியைச் சரியாகப் பொருத்தினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு சாமியை நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நிறுத்தி, கடந்து போகச் சொன்னேன். தலையசைத்து நன்றி சொன்னாள். குப்பை வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து திரும்ப முயன்றது. அது திரும்பும்வரை காத்திருந்தேன். மஞ்சள் விளக்கு விழுந்த இடத்திலெல்லாம் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் கடைசிப் பிள்ளைவரை சாலையைத் தாண்டட்டும் என்று நின்றேன். வழிவிடுவது எனக்குப் பழக்கம். அன்று எத்தனை பேர் எனக்குக் கையசைத்தார்கள் தெரியுமா? மனதுக்கு நிறைவாக இருந்தது. வேகத்தடைகளில் ஏறி இறங்கியதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு பக்குவமாக ஓட்டினேன்.

பாலத்துக்கு அப்பால் சாலை காலியாக இருந்தது. என் கால் அந்தத் தடையில் போய் முட்டியது. அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றார் டாக்டர். மனைவியிடம், வழியில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வருகிறவர்களிடமெல்லாம், "இவர் பறந்துதான் போனாரு, அப்பாவுக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றாள். எனக்குச் சோறு பரிமாறும்போது, "உங்களால ஆனத செஞ்சீங்க" என்று தினமும் ஆறுதல் சொன்னாள்.

நேற்று முதன்முறையாக அதே சாலையில் அவளோடு போனேன். "அப்பாவ நெனச்சு ஒரு தடவ மிதிங்க," என்றாள். கேட்டுவிட்டாளே, மிதித்தேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் மருத்துவமனை வாசல் வந்துவிட்டது. வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ கிட்டவா?"

அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. இப்போது வீட்டில் இருமலும் இல்லை, பேச்சும் இல்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இதை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: அவருக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேன். என்ஜின் சத்தத்தில் அவர் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்றுதான் என் கால் தடையைத் தாண்டவில்லை. பாலம் தாண்டியதும் அவர் முகமூடியை விலக்கி, "மிதிங்க மாப்பிள்ளை" என்று சொன்னபோதுகூட, தூக்கத்தில் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.