பை காலியாக வந்தால் போதும்

முதலில் அந்த நாயை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஆரியசாலையில் எங்கள் குடோன் வாசலில் படுத்துக் கிடக்குமே, அந்தச் செம்பட்டை நாய். தன் செருப்பை அதுதான் தூக்கிக்கொண்டு போனது என்று கோலப்பன் சார் பிடித்துக் கட்டிப்போட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவிழ்க்க ஆளில்லை. அது செருப்பை மோந்துகூடப் பார்க்கவில்லை. எடுத்தது நான்.

என் பெயர் இசக்கிசெல்வி. அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். லிஃப்ட் சர்வீஸ் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தபோது லிஃப்டைத் தொடுவேன் என்று நினைத்தேன். என்னை ஸ்டோரில் பை கட்ட உட்கார்த்தினார்கள். எந்த லிஃப்டுக்கு என்ன வேலையோ அதற்கு வேண்டிய ஸ்பிரிங், போல்ட், பேரிங் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். அதற்கு கிட் என்று பெயர். ஃபிட்டர் வந்து தூக்கிக்கொண்டு போவான். சந்தேகம் இருந்தால் கேட்பதற்குப் பையின்மேல் என் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதியிருக்கும். ஒருத்தனும் கேட்டதில்லை.

கோலப்பன் சார் ஸ்டோர் இன்சார்ஜ். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். போன பை காலியாகத்தான் திரும்ப வேண்டும். மிச்சம் வந்தால் அவருடைய ஸ்டாக் குழம்பும், ஃபிட்டருக்கு ஏச்சு விழும். ஒருநாள் ஒரு ஸ்பிரிங் போட வேண்டிய இடத்தில் கைத்தவறுதலாக இரண்டு போட்டுவிட்டேன். பை காலியாக வந்தது. ஃபிட்டர் ஆதர்ஷ் மலையாளத்துப் பையன். அவனைக் கேட்டேன்.

"ரெண்டாவது ஸ்பிரிங் எங்கடா?"

"வெச்சாச்சு சேச்சி."

"எங்க வெச்ச?"

"அவிடத்தான். ஒரு இடம் கிடந்தது, கேட்டோ."

கோலப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "ஏ பிள்ளே, பை காலியா வந்துட்டுல்லா? பொறவு என்ன? பையக் கெட்டுகது உன் சோலி. உள்ளத மாட்டுகது அவன் சோலி. லிஃப்டப் பத்தி நீ பேசாண்டாம்" என்றார்.

நான் கோபப்படவில்லை. சோதித்துப் பார்த்தேன். படித்தவள் அதைத்தான் செய்ய வேண்டும்.

அடுத்த பையில் ஒரு குக்கர் காஸ்கெட்டைச் சேர்த்தேன். காலியாக வந்தது. தையல் மெஷின் சக்கரம் ஒன்றைப் போட்டேன். காலி. கோலப்பன் சார் குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு பித்தளைக் குழாய் அனுப்பினேன். அன்று ஆதர்ஷ் வியர்த்து வழிந்து வந்தான். "கொறச்சு டைட்டா இருந்நு சேச்சி" என்றான். அவ்வளவுதான். திறந்தால் தண்ணீர் வருமா என்று நானும் கேட்கவில்லை.

பிறகு அதே லிஃப்டுக்குக் குயில் மாதிரி கூவும் காலிங் பெல் ஒன்றை அனுப்பினேன். லிஃப்ட் நாலாவது மாடியைத் தொடும்போதெல்லாம் குயில் கூவ ஆரம்பித்தது. இனியாவது யாராவது கேட்பார்கள் என்று ஃபோனை மடியிலேயே வைத்திருந்தேன். அந்த ஃபிளாட் சங்கத்துச் செக்ரட்டரி நீலாம்பாள் மாமி கூப்பிட்டார், என்னையல்ல, கோலப்பன் சாரை. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், பக்கத்து லிஃப்டுக்கும் ஒன்று வேண்டுமாம்.

"எல்லாம் நம்ம ஐடியாதான், மாமி" என்றார் சார்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் வடை வாங்கினார். ஆளுக்கு இரண்டு. எனக்கு மட்டும் ஒன்று. "எண்ணக் கையோட பையத் தொட்டுராத, என்னா?"

வடையைத் தின்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் செருப்பை எடுத்தேன். ஸ்டோரில் சரஸ்வதி படம் இருப்பதால் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு வருவது வழக்கம். அவருடையது நல்ல கனமான ரப்பர் அடி. லிஃப்ட் மோட்டாரை இறுக்கிப் பிடித்து நிறுத்துவது பிரேக் லைனிங். அதே அளவுக்கு அறுத்தேன், துளை போட்டேன், ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்தேன். இம்மி பிசகவில்லை. நாலு வருஷப் படிப்பு அன்றுதான் முதல்முறையாக உதவியது. சார் நாயைத் திட்டிக்கொண்டே வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பூஜைவைப்பு. கட்டிய பைகளும் ஸ்பேனர்களும் சரஸ்வதி முன்னால் போய்விடும்; விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பிரேக் மாற்றவேண்டிய லிஃப்ட் பல இருந்தன, எல்லாம் ஒரே மாடல். செருப்புப் பையை நான் முன்வரிசையில் வைத்தேன், அவ்வளவுதான். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டது கோலப்பன் சார். பூஜை எடுத்ததும், "மொதப் பை நம்ம பில்டிங்குக்குப் போவட்டும். ஐஸ்வரியமா இருக்கும்" என்று ஆதர்ஷ் கையில் எடுத்துக் கொடுத்ததும் அவரே. எந்த லிஃப்ட் என்று நான் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அவர் தனியாக ஏறினார். லிஃப்ட் கீழே வந்தது, நிற்கவில்லை. அப்படி விழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி உண்டு. அது அசையவேண்டிய இடத்தில் பித்தளைக் குழாய் இருந்ததாம். நாலாவது மாடியைத் தாண்டும்போது குயில் கூவியது என்று நீலாம்பாள் மாமி அழுதார். இரண்டு காலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி செருப்பைத் தேடி அலையும் சிரமம் அவருக்கு இல்லை.

பை காலியாகத்தான் வந்தது.

நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. யாராவது பையைத் திறந்து பார்த்து, இது சரியில்லையே என்று எனக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். செய்திருந்தால் நானே ஓடிப்போய் நிறுத்தியிருப்பேன்.

விஜயதசமியன்று ஆதர்ஷ் எனக்கு ஃபோன் செய்திருக்கிறானே என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? கூப்பிட்டான். மோட்டார் ரூமிலிருந்து.

"கிட் சேச்சி, இது செருப்பாணோன்னு ஒரு சம்சயம். அடியில எட்டுன்னு நம்பர் கிடக்கு."

"உள்ளத மாட்டு, ஆதர்ஷ். பை காலியா வரணும். லிஃப்டப் பத்தி நீ பேச வேண்டாம்."

"ஓ, செரி" என்று வைத்துவிட்டான்.

அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மேடம். கிட் சேச்சி என்றல்லவா கூப்பிட்டான். ஒரு இன்ஜினியரிடம் கேட்கிற மாதிரி அவன் கேட்கவில்லை.