கண்ணை மூடச் சொன்ன கம்ப்யூட்டர்

இலங்கையில் யுத்தம் முடியாத காலம். கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வெள்ளைச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு. மற்றவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

"கம்ப்யூட்டர் கண்ணை மூடச் சொல்லுது. மூடினாப் பிறகு மிச்சத்தை நான் எப்பிடி வாசிக்கிறது?" என்றாள் ஜன்னலோரத்தாள்.

"எதுக்கு மூடணும்?"

"பதற்றம் குறையிறதுக்கு. பள்ளிக்கூடத்தில சோதனை வருதெல்லோ, டீச்சர் இன்டர்நெட்டில எடுத்துக் காட்டினவ. மூச்சை இழுத்து விட்டிட்டு, உங்கட வீட்டு வாசல்ல நிக்கிறதா நினையுங்கோ எண்டு கிடந்தது. எங்கட வீடு இப்ப இருக்குதோ எண்டே தெரியாது."



சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்து ஜன்னலோரத்தாளை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நாங்கள் எல்லோரும் சமர்த்தாக ஏறி உட்கார்ந்துகொண்டோம். தோட்டத்துப் பிள்ளை மட்டும் போகச் சொல்லியும் போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

ஒருவழியாக இருவரும் வந்து ஏறினார்கள். தோட்டத்துப் பிள்ளை ஜன்னலோரத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடு. நான் சொல்றேன். மூச்ச மெதுவா இழு. இப்ப விடு."

"ம்."

"இப்ப எங்க லயத்து வீட்டு வாசல்ல நிக்கிற. அம்மா உள்ள ரொட்டி சுடுறாங்க. நாய் உன்னப் பாத்துக் கொரைக்கல."

"கம்ப்யூட்டரில இப்பிடி இருக்கேல்லையே."

"கண்ணத் தொறக்காத."