இடப்பக்கம் சாயும் நடை

— அசையாம நில்லுண்ணா. இந்த ஸ்டிக்கர் சரியா இடுப்பெலும்பு மேல உக்காரணும். கொஞ்சம் தள்ளி ஒட்டினாலும் கம்ப்யூட்டர் தப்பாப் படிச்சுடும்.

— ஏன்டா மாது, திருமண் இட்டுக்கக்கூட நான் இவ்வளவு நேரம் நின்னதில்லை. ஸ்ரீரங்கத்துலேர்ந்து பஸ் ஏத்திக் கூட்டிண்டு வந்து, சட்டையைக் கழட்டச் சொல்லி, முட்டியில ஒண்ணு, கணுக்கால்ல ஒண்ணுன்னு வெள்ளை வெள்ளையாப் பொட்டு வெக்கற. உங்க காலேஜ்ல பிசியோதெரபி சொல்லித் தராளா, அலங்காரம் சொல்லித் தராளா?

— பயோமெக்கானிக்ஸ் பிராக்டிகல்ணா. மனுஷா நடக்கறச்சே எந்த எலும்பு எங்க போறது, எந்தத் தசை எப்போ பிடிச்சுக்கறதுன்னு பாக்கறது. அந்தக் கேமராக்கள்லாம் இந்தப் பொட்டைத்தான் பாக்கும். உன்னைப் பாக்காது.

— அது பாக்காட்டா என்ன, அதுக்கும் சேர்த்து நீ பாக்கறயே. பஸ்லேர்ந்து இறங்கினதுலேர்ந்து என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. காலையே பாத்துண்டு வர.

— ஒண்ணுமில்லை. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு நட. நடுவுல தரையில ஒரு தகடு பதிச்சிருக்கு, அதைப் பாத்துப் பாத்து மிதிக்காதே. ஆத்துல நடக்கறாப்ல நட.

— சீக்கிரம் முடி. நாளைக்குப் புறப்பாடு. பெருமாளைத் தோள்ல சுமந்து ஏளப்பண்றவா எல்லாரும் சாயங்காலமே கோவிலுக்கு வந்துடணும். பல்லக்குக்குத் தண்டு பூட்டறச்சே நான் இல்லேன்னா நன்னாருக்காது. சரி, நடந்தாச்சு.

— திரும்பவும்.

— ஆச்சு.

— இன்னொரு தடவை. சார் சாப்பிட்டுட்டு வரதுக்குள்ள எடுத்துடணும்.

— மாது, ஒரே நடையை எதுக்குடா இத்தனை தடவை எடுக்கற?

— மார்க் வேணுமே.

— மார்க்குக்கு மட்டும் இல்லைடா இது. பிராக்டிகலுக்கு ஆள் வேணும்னா உன் கிளாஸ்ல நடக்கத் தெரிஞ்சவா ஒருத்தரும் இல்லையா? என்னை எதுக்குக் கூட்டிண்டு வந்தே? நிஜத்தைச் சொல்லு.

— சொல்றேன். கோச்சுக்கக் கூடாது. போன புறப்பாட்டுல நீங்கள்லாம் உத்திர வீதி திரும்பறச்சே நான் போன்ல வீடியோ எடுத்தேன் இல்லையா? மன்னிக்கு அனுப்பறதுக்குத்தான் எடுத்தேன். அப்புறம் ஒரு நாள் கிளாஸ்ல பிலோமின்ராஜ் சார் ஒரு பேஷன்ட் நடக்கற வீடியோ போட்டார். அந்த ஆள் இடது காலை ஊனறப்பல்லாம் உடம்பு அந்தப் பக்கமே சாயறது. இடுப்புப் பக்கத்துத் தசைக்குப் பலம் போயிட்டா, விழாம இருக்கறதுக்காக உடம்பு தானா அப்படிச் சாஞ்சு சமாளிக்கும்னார் சார். முதுகுல நரம்பு அழுந்தினாக்கூட வரலாமாம். கவனிக்காம விட்டா ஒரு நாள் அந்தக் கால் தாங்காமப் போயிடும்னார். அதுக்கு மேல அவர் சொன்னது ஒண்ணும் என் காதுல விழலை.

— ஏன்?

— அந்த ஆள் அப்படியே உன்னை மாதிரி நடந்தார்ணா. ஆத்துக்கு வந்ததும் என் வீடியோவைப் போட்டுப் பாத்தேன். தண்டு உன் வலது தோள்ல இருக்கு. நீ அடிக்கு அடி இடப்பக்கம் சாயற.

— பாரம் தூக்கினா மனுஷன் சாய மாட்டானா?

— கூட இருக்கறவா யாரும் அந்த மாதிரி சாயலையே. அப்புறம் மன்னியை மெல்லக் கேட்டேன். காலம்பற சுவத்தைப் பிடிச்சுண்டுதான் எழுந்துக்கறயாம். முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்றயாம். அப்பா காதுக்குப் போகக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிண்டிருக்கயாம்.

— சத்தியத்தை அவ காப்பாத்தின அழகு தெரியறது.

— மன்னியைத் திட்டாதே. அழுதுட்டா. எனக்கும் தூக்கம் போயிடுத்துண்ணா. கண்ணை மூடினா அந்தத் திருப்பம்தான் வரது. ரெண்டு பக்கமும் ஜனம் நெருக்கிண்டு நிக்கறது, நீங்கள்லாம் நடையை மாத்தி வேகம் எடுக்கறேள், உன் இடது கால் மடங்கறது. நீ விழுந்தா நீ மட்டுமா விழுவே? மேல யார் எழுந்தருளியிருக்கா?

— வாயை அலம்புடா. நாளும் கிழமையுமா என்ன பேச்சு இது.

— பேசாம இருந்தா நடக்காதா? அதனாலதான் கூட்டிண்டு வந்தேன். நான் சொன்னா நீ சிரிப்பே. மெஷின் சொன்னாக் கேப்பயோன்னு.

— சரி, உன் மெஷின் என்ன சொல்றது?

— இரு. கோடு வரது.

— என்னடா, எதுக்கு இப்படி முழிக்கற?

— சமமா இருக்குண்ணா. இடது, வலது ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இடுப்பு எந்தப் பக்கமும் இறங்கலை. தகட்டுல விழற பாரத்துலயும் வித்தியாசம் இல்லை. இடது கால்ல மட்டும் கொஞ்சம் நில்லு. இன்னும் கொஞ்சம். ம், நன்னா நிக்கற. கொக்கு மாதிரி நிக்கற.

— அப்போ எனக்கு ஒண்ணுமில்லை. ஒரு காப்பி வாங்கிக் குடு, கிளம்பறேன்.

— வெறுங்கையா நடந்தாத் தெரியாதோ என்னவோ. இந்த மணல் மூட்டையை வலது தோள்ல வெச்சுண்டு ஒரு தடவை நட. கனம் போறாதுன்னா இன்னொண்ணு வெக்கறேன்.

— ரெண்டையும் வை. இதெல்லாம் ஒரு பாரமா? ஆச்சு, நடந்துட்டேன். சொல்லு.

— பாரத்துக்குத் தக்கக் கொஞ்சூண்டு சாயற. அது யாரா இருந்தாலும் சாயறதுதான். வீடியோல இருக்கற சாய்வு இது இல்லை.

— அதைத்தான்டா நானும் சொல்றேன். உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. படிக்கறவா எல்லாருக்கும் பாக்கறவால்லாம் நோயாளியாத்தான் தெரிவா. ஆத்துக்குப் போய் ஒரு வாய் மோர் குடிச்சுட்டுத் தூங்கு.

— கால்ல கோளாறு இல்லேன்னா தண்டுக்கு அடியில மட்டும் ஏன் சாயறே? இரு, அந்த வீடியோவை இந்தப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாத்துடலாம்.

— வேண்டாம். நேரமாறது.

— ஒரு நிமிஷம்ணா.

— வேண்டாம்னா விடேன்டா. எனக்கு பஸ் போயிடும்.

— பஸ்ஸா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஸ்ரீரங்கத்துக்கு வரிசையா பஸ் நிக்கும். இதோ வந்துடுத்து. மெதுவா ஓட்டறேன். இங்க பாரு. நான் தப்பாப் பாத்திருக்கேன். நீ இடது பக்கம் சாயலைண்ணா. வலது தோளை மேல உசத்தற. குதிகாலைக்கூட எம்பியிருக்க. அந்தத் தோள் மேல போறதாலதான் உடம்பு இந்தப் பக்கம் வரது. எதுக்கு உசத்தற?

— பழக்கம்.

— என்ன பழக்கம்? நீ உசத்தினா தண்டும் மேல ஏறறது. தண்டு ஏறினா உனக்கு முன்னாடி அதே தண்டைத் தாங்கறவர் தோளுக்கும் தண்டுக்கும் நடுவுல சந்து விழறது. இதோ, பின்னாடி இருக்கற விளக்கு வெளிச்சம் அந்தச் சந்துல தெரியறது பாரு. அவர் தோள் தண்டைத் தொடவே இல்லை. அவரோட பங்கும் உன் மேல இறங்கியிருக்கு.

— போறும், நிறுத்து.

— உனக்கு முன்னாடி இருக்கறது அப்பாண்ணா.

— தெரியும்டா. அணைச்சுடு அதை.

— தெரிஞ்சேதான் பண்றயா?

— ஆடி மாசம் ஒரு நாள் அப்பா ஸ்நானம் பண்ணிட்டு வந்து உத்தரீயம் போட்டுண்டார். வலது கை மேல எழும்பலை. இடது கையால அதைத் தூக்கித் தூக்கி வெச்சுக்கறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுண்டிருந்தேன். உள்ள போகலை. என்னப்பா ஆச்சுன்னு கேட்டிருந்தா, ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பார். அதுக்கப்புறம் வந்த புறப்பாட்டுல, கொஞ்ச தூரம் போறதுக்குள்ளயே முன்பக்கம் தண்டு இறங்கறது எனக்குத் தெரிஞ்சுது. அவர் கழுத்து நரம்பு புடைச்சுண்டு நிக்கறது. நான் யோசிக்கவே இல்லை. தோளை உசத்தினேன். அவ்வளவுதான். அன்னிலேர்ந்து அப்படியே நடக்கறது.

— கூட ஏளப்பண்றவா ஒருத்தருமா கவனிக்கலை?

— யார் எங்க தோளைப் பாக்கப் போறா? எல்லாரும் பெருமாளைன்னா சேவிச்சுண்டிருக்கா.

— டாக்டர்கிட்டக் காட்டியிருக்கலாமேண்ணா. தோள் இறுகிப் போறதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு. நாங்களே பயிற்சி குடுக்கறோம்.

— காட்டினா முதல்ல என்ன சொல்லுவா? பாரம் தூக்காதேம்பா. வேற யாராவதுன்னா சரின்னு திண்டுல சாஞ்சுண்டுடுவா. அப்பாவுக்கு அந்தத் தண்டு தோள்ல இருக்கற நேரம்தான் ஜீவன். மத்த நேரமெல்லாம் அதுக்காகக் காத்துண்டிருக்கற நேரம். உங்க தோள் போயிடுத்துப்பான்னு அவர்கிட்ட நான் எந்த வாயால சொல்றது?

— உன் முதுகும்னா போயிண்டிருக்கு. எம்பி நின்னுண்டு, உடம்பை முறுக்கிண்டு ரெண்டு பேர் பாரத்தைச் சுமக்கற. இன்னிக்கு உன் கால் நன்னாத்தான் இருக்கு. இப்படியே போனா சார் சொன்னது நிஜமாவே வரும்.

— வரப்போ பாத்துக்கலாம். நாளைக்கு நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது. என்னடா, ஏன் தலையைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டே?

— அண்ணா, நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

— என்ன சொன்னே?

— உனக்கு இடது காலுக்குப் பலம் இல்லை, நாளைக்கு உன்னை விட வேண்டாம், உன் இடத்துல வேற யாரையாவது போட்டுக்கச் சொல்லுங்கோன்னு. காலம்பற நீ பூ வாங்கப் போயிருந்தே. மெஷின் சொன்னாலும் நீ கேக்க மாட்டியோன்னு பயம் எனக்கு. அப்பா சொன்னாத் தட்ட மாட்டேன்னு...

— படுபாவி. என் இடத்துல வேற ஒருத்தர் நின்னா அவர் எதுக்குடா தோளை உசத்தப் போறார்? தன் பங்கைத்தானே தாங்குவார்? அப்பா பங்கு அப்பா தோள்லன்னா இறங்கும். அந்தத் தோள் அதைத் தாங்கியே எத்தனை மாசமாச்சு. போனை எடு. அப்பாவைக் கூப்பிடு.

— போனை ஆத்துல வெச்சுட்டுக் கோவிலுக்குப் போயிட்டார். கூட ஏளப்பண்றவாகிட்டப் பேசிட்டு வரேன்னுதான் போனார்.

— பேசியே முடிச்சிருப்பார். எழுந்திரு, கிளம்பு. இந்தப் பொட்டையெல்லாம் பிச்சுப் போடு. நீ சொன்னதும் அவர் என்ன சொன்னார்? என் மேல கோச்சுண்டாரா?

— கோச்சுக்கலை. பயப்படவும் இல்லை. என் தலையைத் தடவிக் குடுத்தார். அப்புறம் ஒண்ணு சொன்னார். உன் மேல இருக்கற பிரியத்துல சொல்றார்னு நெனச்சுண்டு நான் காலேஜுக்குக் கிளம்பிட்டேன். இப்போதான் புரியறது.

— என்னன்னு சொல்லித் தொலையேன்டா.

— "அப்படின்னா எனக்கும் வேண்டாம், ரெண்டு பேருக்கும் மாத்தாள் போடச் சொல்லிடறேன். அவன் தோள் பின்னாடி இல்லாம நான் பெருமாளை ஏளப்பண்ணி ரொம்ப நாளாச்சு"ன்னார்.