நடு ஸ்க்ரூ

— அழுத்தித் திருகாதீங்க அண்ணி! தலை மழுங்கிடும்!

— மழுங்கட்டும். முறுக்கினவன் நீதானே தம்பி? கழட்டறதுக்கு மட்டும் கை வலிக்குதா?

— துருப்பிடிச்சுக் கிடக்கு...

— பிடிக்காம? தண்ணியிலேருந்து எடுத்ததைத் துடைக்கக்கூட இல்ல. சேறும் ஈரமுமா பிளாஸ்டிக் பையில போட்டு, மாசக்கணக்கா அலமாரியில பூட்டி வச்சிருக்கானுங்க! ஸ்டேஷன்ல கேட்டா, 'ஒரு மடக்குக் கத்திதானேம்மா'ங்கறான். தானேவாம்! உங்க அண்ணன் விரலைப் பிரிச்சு எடுத்தது!

— சரி விடுங்க. இதைப் பிரிச்சு இப்ப என்ன...

— என்னவா? நீங்க ரெண்டு பேரும் போன படகு வெள்ளத்துல கவுந்து, இடுப்புக் கயிறு பாலத்தூண்ல சிக்கி ஆளைக் கீழ இழுக்குது. கையில கத்தி. ஆனா திறக்கல! ஏன்னு என் கண்ணால பாக்கணும்.

— நான்தான் சொன்னேனே... அலகு ஆடுதுன்னு அண்ணன் கொடுத்தாரு. ஸ்க்ரூ கழலாம இருக்கப் பசையை விட்டு அதிகமா முறுக்கித் தொலைச்சேன்.

— சொன்ன, சொன்ன! அதுக்குத்தான் உன்னைத் திட்டாத நாளில்ல. இன்னைக்குப் பாத்துட்டு இன்னும் வாய் நிறையத் திட்டப் போறேன்.

— பாக்காமலே திட்டுங்களேன்... நான் வேணாம்னா சொன்னேன்?

— எழுந்திரிக்காதே! சால்டரிங் ராடு சூடாயிடுச்சு. முனையை ஸ்க்ரூ தலையில வை. பசை இளகற வரைக்கும் எடுக்காதே.

— இதெல்லாம் யாரு சொன்னது?

— சைக்கிள் கடைக்காரர். நீ சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்டுட்டு வந்தேன்.

— பின்பக்க நட்டும் சேந்து சுத்துது அண்ணி. வராது. விட்டுரலாம்.

— பின்பக்கத்தை நான் பிடிச்சுக்கறேன். நீ திருப்பு. அட... அந்தப் பக்கமா? டேய், தளர்த்தறியா, இறுக்கறியா?

— கை... தப்பாப் போயிடுச்சு.

— படகு என்ஜினையே பிரிச்சு மாட்டற ஆளுக்குக் கை தப்பாப் போகுமா? கொடு இப்படி!

— மெதுவா... ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லேசாத் தட்டிட்டு...

— 'டிக்'குன்னுச்சு! வருது பாரு, வருது!

— அதோட நிறுத்துங்க அண்ணி. கையை வெட்டிரப் போகுது.

— இந்தா, உன் நடு ஸ்க்ரூ. கைப்பிடித் தகடும் வந்துருச்சு. ஏன் மூஞ்சியத் திருப்பற? பாரு. துரு மேலோட இருக்கு. உள்ள... உள்ள பளபளன்னு இருக்கே! நீ வச்ச கிரீஸ்கூட அப்படியே இருக்கு.

— அண்ணி, போதும்.

— பசை மரையில மட்டும்தான். அலகைப் பிடிச்சிருந்தது அது மடங்கற பள்ளத்துல இருக்கற சேறு. காஞ்சு கல்லாயிருக்கு. சுரண்டிட்டு, தகடை வச்சு ஆட்டிப் பாக்கறேன்... தம்பி, ஒத்த விரலுக்குத் திறக்குதுடா!

— கொடுங்க அண்ணி, நான் எடுத்து வச்சிடறேன்.

— சேறு காஞ்சது பையில. அப்ப அன்னைக்கும் இப்படித்தான திறந்திருக்கும்? இத்தனை நாளா எதுக்குடா வாங்கிக் கட்டிக்கிட்ட? வாயைத் திற! கத்தி நல்லாருக்கு, கையில இருக்கு... அந்த மனுஷன் ஏன் கயித்தை அறுக்கல?

— அறுத்தா வெள்ளம் என்னைக் கொண்டுபோயிருக்கும் அண்ணி... மறுமுனை என் இடுப்புலதான் கட்டியிருந்துச்சு.