பதினொன்னுக்கு வெளிய போனவரு

இல்லீங்க சார், உங்க லேபர் ஆபீஸ் ரிப்போர்ட்டுல அந்த மூணாவது வரிய அடிச்சிடுங்க. பணி நேரத்துல சொல்லாம வெளியேறியவர்னு போட்டிருக்கீங்களே, அதான். நீங்களா போடல, கம்பெனி குடுத்தத எழுதியிருக்கீங்க, தெரியுது. ஆனா இருவத்திரெண்டு வருசம் கான்ட்ராக்ட்லயே கெடந்த மனுசன் சார் எங்கப்பா. பர்மனென்ட் ஆக்கிடுவாங்க ஆக்கிடுவாங்கன்னு காய்ச்சலோட ஷிப்ட்டுக்குப் போனவரு. செத்தப்பறம் அவர ஓடிப்போனவருன்னு எழுதுனா கை அழுவிடாதா?

ஒக்காருங்க. ஃபேன் அவ்ளோதான் சுத்தும். அம்மா உள்ள படுத்திருக்குது, கொஞ்சம் மெதுவா பேசுவோம்.

மெஷின் ரெக்கார்டு இருக்குதான், யாரு இல்லன்னா? சுரங்கத்து பெல்ட்டு ஓடுற ரோலர் இருக்கே, அத ரிப்பேர் பண்ற ஷெட்டு, கேட்டுல வெரல் வெக்கிற மெஷின். காலைல ஆறுக்கு உள்ள போனாரு. பதினொன்னுக்கு வெளிய போனதா காட்டுது. ரோலர் சரிஞ்சி அவரு நெஞ்சுல வுழுந்தது ஒன்றரைக்கு. அப்ப வெளிய போன மனுசன் சொவரேறி குதிச்சி வந்து, ரோலருக்கு அடியில போயி படுத்துக்கினாரா? அப்பிடித்தான் சொல்றானுங்க, கொஞ்சங்கூட கூச்சமில்லாம. திருட வந்தாருன்னு சொல்லாததுதான் பாக்கி.

வேற யாரு வெரலும் இல்ல சார், அவரு வெரலுதான். கொளஞ்சிநாதன் மாமா, அவருகூட வேல செய்றவரு, அவரும் இன்னும் மூணு பேரும் தூக்கிகினு ஓடியாந்திருக்காங்க. கேட்டுகிட்ட மாமா, இருங்கடான்னு நிறுத்தி, அப்பா வெரல லுங்கில தொடச்சி மெஷின்ல வெச்சிருக்காரு. ரத்தத்தோட வெச்சா எடுக்காதில்ல. வெளிய போறப்ப வெக்கலன்னா அன்னைக்கு பூரா ஆப்சென்ட்டு, அங்க அதான் சட்டம். பொழச்சி வந்து, ஒரு நாள் போச்சேடான்னு மனுசன் திட்டுவாருன்னு நெனச்சிருக்காரு. இப்ப என்னப் பாத்தா தலைய குனிஞ்சிகினு போறாரு, பாவம். அப்பா வெரல வெச்சப்ப மணி ஒன்னு நாப்பது.

அதான் சொல்ல வரேன். அன்னைக்கு லைன்ல வேலைன்னு ஷெட்டுக்கு கரண்ட நிறுத்தியிருந்தாங்க. பத்து பத்துலேந்து பன்னண்டு அம்பது வரைக்கும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் கரண்ட் குடுக்குற ஊரு! கரண்ட் போனா மெஷின் பேட்டரிக்கு மாறிடும். யாரும் வெரல் வெக்கலன்னா அப்பிடியே தூங்கிடும். உள்ள நேரத்த எண்ணுறதுல ரெண்டு விதம் இருக்குது சார். மெஷின் தூங்குனாலும் எண்ணிகினே இருக்கிறது ஒன்னு. மெஷினோட சேந்து தானும் தூங்கிடறது ஒன்னு. இதுல ரெண்டாவது இருக்குது. ரெண்டே முக்கா மணி நேரத்துக்கு அஞ்சு நிமிசம் கம்மி, அது கணக்குலயே இல்ல. ஒன்னு நாப்பதுலேந்து கழிச்சிப் பாருங்க. வந்துச்சா பதினொன்னு?

மத்தவங்களுக்கும் அப்பிடித்தான் வுழுந்துது. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சி ரெண்டு அஞ்சி வாக்குல கெளம்புன முப்பத்தி நாலு பேரும் பதினொன்னு இருவத்தஞ்சி வாக்குல வெளிய போனதா வந்துது. அத சூப்பர்வைசர் கையால திருத்திட்டான். எங்கப்பாவோடத மட்டும் தொடல. செத்தவன் வந்து கேக்கவா போறான்?

மொதல்ல அந்த மெஷின் ஒழுங்காத்தான் இருந்துது. உள்ள ஓடுற பழைய ப்ரோக்ராம் நேரத்த எண்ணுற விதத்துக்கு ரெண்டாயிரத்து முப்பத்தெட்டுல எடம் ரொம்பிடும், அதுக்கு மேல எண்ண முடியாது. அதுக்காக மாத்துனாங்க. மாத்த வேண்டியதுதான். ஆனா மாத்துனவன் இருக்கானே, ஏசில ஒக்காந்துகினு ஒரே ஒரு வரி, தூங்குற கடிகாரத்த உள்ள வெச்சிட்டான். கரண்ட் போற எடத்துல வெச்சி ஒரு நாள் பாத்தானா, படுபாவி? அவன் மேசையில கரண்ட் போவாது. பதிமூணு வருசம் கழிச்சி வரப்போற தப்ப சரி பண்ணிட்டேன்னு கைதட்டு வாங்கிகினு, இந்த வைகாசில எங்கப்பாவ ஓடுகாலி ஆக்கிட்டான்.

ஆதாரமா? குடுக்குறேன். எந்த வரிய என்னைக்கு மாத்துனது, யாரு மாத்துனது, எல்லாம் மெஷின் செஞ்ச கம்பெனில பதிஞ்சிருக்கும். வெளிய குடுத்தா வேல போயிடும்னு மேனேஜர் போன்ல சொன்னாரு. போவட்டும்.

எனக்கு எப்பிடி இவ்ளோ தெரியுதா? அந்த தூங்குற கடிகார வரிய நான்தான் சார் எழுதுனேன். சென்னையில அந்த மெஷின் செய்ற கம்பெனிலதான் இருக்கேன். என் பையன் கம்பெனி மெஷினுன்னு ஷெட்டு பூரா சொல்லிகினு இருந்திருக்காரு மனுசன்.

சித்திரைல ஒரு நாள் போன் பண்ணாரு. கரண்ட் போற அன்னைக்கெல்லாம் நேரம் கம்மியா வுழுவுதுடா, சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டேங்கறான், என்னான்னு பாருப்பான்னாரு. நான் வேலையா இருந்தேன். மெஷின் பொய் சொல்லாதுப்பா, நீங்கதான் சீக்கிரம் கெளம்பியிருப்பீங்கன்னேன். சரிப்பான்னு வெச்சிட்டாரு. அப்பறம் கேக்கவே இல்ல.

அதான் சார், ஷெட்டு கம்பெனிக்காரன் இன்னைக்கு சொல்றத நான் அன்னைக்கே சொல்லிட்டேன். அந்த மூணாவது வரிய அடிச்சிட்டு, மெஷின்ல மாத்துனவன் பேர கீழ எழுதிக்குங்க. பிரவின்குமார். தகப்பனார் பேரு பழனிவேல்.