ஆறாத கூழ்

— அணைஞ்சுதா?

— இல்லக்கா. விரல் வரைக்கும் எரிஞ்சு வந்துருச்சு.

— இன்னொரு குச்சி கிழி. பீப்பாய்க்கு உள்ள விட்டு, நுரைக்குப் பக்கத்துல புடி.

— நுரை எங்கக்கா இருக்கு? இது நாலாவது குச்சி. பொங்குற பீருன்னா நீட்டுன உடனே நெருப்ப அணைச்சுடும். இதைப் பாருங்க, நின்னு எரியுது.

— என் வயிறும்தான் எரியுது, நொக்வேசி. நாளைக்கு விடிஞ்சா மாட்டை அறுக்கணும். என் தம்பி, உன் புருஷன் வெலிலே, செத்து வருஷம் ஒண்ணாச்சு, அவன் ஆவியை வீட்டுக்குக் கூப்புடுற நாளு. பீர் இல்லாம வெறும் வாயில கூப்புட்டா வருவானா?

— வரமாட்டாருக்கா.

— குளிருதான். இந்த வுயிஸ்வா நான் சொல்றேன், குளிருதான். காலைல மாட்டுப்பட்டி வேலியெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சு. போ, இன்னொரு கம்பளி கொண்டா.

— மூணு சுத்தியாச்சு. அவரு ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்துல இருந்து கொண்டாந்த கம்பளியும் அதுல இருக்கு.

— அப்ப அடுப்புப் பக்கம் நகத்து.

— நகத்தியாச்சு. தொட்டுப் பாருங்க.

— ஆமா... வெதுவெதுன்னுதான் இருக்கு. அப்புறம் ஏன்டி பொங்கல? முன்னோருங்களுக்கு ஏதோ கோவம். இந்த வீட்டுல யாரோ தப்புப் பண்ணியிருக்காங்க.

— யாரைச் சொல்றீங்க?

— நான் ஏன் சொல்றேன், ஊரு சொல்லும். புருஷன் சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்னு ஏற்கெனவே பேசுறாளுங்க. நான்தான் அவளுங்க வாயை அடைச்சு வச்சிருக்கேன்.

— அவரு இருக்கும்போதே அழுது முடிச்சுட்டேன்க்கா.

— பாத்தியா, இந்தப் பேச்சுதான் வேணாங்கறேன். சரி, பக்கத்துல சிந்திஸ்வா வீட்டுல போன வாரம் பீரு காய்ச்சுனாங்களே, அடி மண்டி இருக்கும். ஒரு கிண்ணம் வாங்கி ஊத்துனா விடியறதுக்குள்ள கொஞ்சமாவது பொங்கும்.

— வேற குலத்து மண்டி இதுல விழக்கூடாது, பொண்டாட்டி கையால ஆனதைத்தான் அவரு தொடுவாருன்னு திங்கக்கெழமை நீங்கதான சொன்னீங்க? எல்லாப் பொம்பளைங்களையும் உக்கார வச்சு சொன்னீங்க.

— சொன்னேன், சொன்னேன். என் வாயில மண்ணு. இரு, யோசிக்கிறேன். கூழு எப்பக் காய்ச்சுன?

— நேத்திக்கு முந்தின நாளு, மத்தியானம்.

— ஆற விட்டியா?

— விட்டேன்.

— எவ்வளவு நேரம்? ஏன் அடுப்பையே பாக்குற? என்னைப் பாத்துச் சொல்லு. முளைச் சோளமாவை எப்பப் போட்ட? கூழுக்குள்ள கைய விட்டா பத்து எண்ணுற வரைக்கும் பொறுக்கணும், அப்புறம்தான மாவு. சூட்டோட கொட்டுனா மாவு வெந்து செத்துப்போயிரும், பத்துக் கம்பளி போத்துனாலும் எந்திரிக்காது. உனக்கா தெரியாது? இருவது வருஷமாக் காய்ச்சுற. உன் பீரைக் குடிக்காத ஆம்பள இந்த மலைப்பக்கம் எவன் இருக்கான்?

— கைய விட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன்.

— எந்தக் கைய?

— இடது கைய.

— அடிப்பாவி! அந்தக் கைக்குச் சூடே தெரியாதே!

— தெரியாதுதான்.

— அது வெந்துபோன கை...

— தானா வேகலக்கா. நான் கல்யாணமாகி வந்த புதுசு. பீரு புளிச்சுப்போச்சுன்னு, சூடு பாக்கத் தெரியலயா, நான் சொல்லித்தாரேன்னு கொதிக்கிற கூழுக்குள்ள இந்தக் கைய அமுக்கிப் புடிச்சாரு. சத்தமா பத்து வரைக்கும் எண்ணுனாரு. நீங்க வாசல்ல நின்னுட்டிருந்தீங்க.

— நான் என்னடி பண்ணியிருக்க முடியும்? குடிச்சிருந்தான். அவன் கோவம் ஒரு நாளு கோவம்.

— ஒரு நாளா?

— சரி விடு, செத்தவனைப் பத்தி இப்ப எதுக்கு. கேளு, சாயங்காலம் பெரியவங்க வந்து கேப்பாங்க. வேலை அவசரத்துல கை மாறிப்போச்சு, மறந்துட்டேன்னு சொல்லு. நானும் ஆமான்னு சொல்றேன். மறந்துதான போச்சு? சொல்லேன்டி, மறந்துதான போச்சு?

— வலது கையத்தான் மொதல்ல விட்டேன்க்கா. ஒண்ணு கூட எண்ண முடியல, அவ்வளவு சூடு. அப்புறம்தான் இடது கைய விட்டேன். பத்து வரைக்கும் நிதானமா எண்ணுனேன், மாவைக் கொட்டுனேன். அவன் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேணாம்.