மாட்டுத் தொட்டி வைத்த இடம்

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகல், உச்சி வேளை. சுங்கை பாக்காப்பைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை... ஆள் அரவமே கிடையாது. சிரிக்காதே தனுஜா, நெருங்கி உட்கார்.

தண்ணீர் லோரியை ஓட்டிப் போனவர் நம்ம இம்ரானின் மாமா, மீரா சாகிப். ஜோர்ஜ்டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். மழை பொய்த்து மாதக்கணக்காகியிருந்தது. கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, தோட்டத்து வீடுகளுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். அன்றுதான் முதல்முறையாக மாடுகளுக்கு. அதற்கென்று சில நாள் முன்பே ஒரு சிமெண்டுத் தொட்டியும் இறக்கியிருந்தார்கள். லோரி திரும்ப வசதியாக, சமமான இடமாகப் பார்த்து வைத்தது மீரா சாகிப்தான்.

அங்கே தோட்டத்தில் மாடு வளர்க்கும் சந்திரிகா மட்டும் நின்றாள். கையில் கயிறு, கயிற்றின் முனையில் நிறைசினைப் பசு. அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். விலா எலும்பு தெரிந்தது, நாக்கு தொங்கியது.

மீரா சாகிப் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டி தளும்பியது.

"கொண்டா தங்கச்சி, குடிக்கட்டும்."

பசு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்... சுர்ர்... சுர்ர்... மாடு தண்ணீர் உறிஞ்சும் சத்தம். ஒரு மாடு இல்லை, ஒரு மந்தை. தொட்டியைச் சுற்றி எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. குப்பென்று சேற்று நாற்றம். சேறு எங்கே இருக்கிறது? பூமியே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

"இங்க வைக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்லா அண்ணே," என்றாள் சந்திரிகா. "இது குளமா இருந்த எடம். முன்ன ஒரு வறட்சியில தண்ணி தேடி எறங்குன மாடெல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சு. தோட்டத்துக்காரங்க அதுங்க மேலேயே மண்ணத் தள்ளி மூடிட்டாங்க. நீங்கதான் லோரி திரும்ப எடம் வேணும்னீங்க."

மீரா சாகிப் லோரியிடம் போய்ப் பார்த்தார். டேங்கில் மிச்சம் ஒரு வாளித் தண்ணீர்தான். பிடித்துக்கொண்டு ஓடினார். தொட்டியைவிட்டுத் தள்ளி, செம்பனை நிழலுக்குப் பசுவை இழுத்துவரச் சொல்லி, வாய்க்கு நேராகவே நீட்டினார். பசு வாளிக்குள் முகத்தை விட்டது. சுர்ர்... தொண்டை ஏறி இறங்கியது. வாளியின் கனம் குறைந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"அண்ணே... அது வாயத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். மூக்கு வறண்டு சொரசொரத்தது. நாக்கில் பொட்டு ஈரம் இல்லை. வாளியோ காலி. பசு அதன் அடியை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது... எழுந்திருக்கவேயில்லை. சந்திரிகா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழக்கூட இல்லை. பாவம் மனுஷன், உதவி செய்ய வந்தவர், பக்கத்தில் சும்மா நின்றார். வேறு என்ன செய்வார்?

தொண்டை காய்ந்துபோய் லோரியில் ஏறினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்தார். மடக்... மடக்... இறங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. பாட்டில் காலியானது.

நாக்கு நனையவில்லை.